ஈப்பெட்டி சந்தனராஜ் போட்ட வெளிச்ச வெல்டிங்

அறந்தாங்கியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கட்டுமாவடி ரோட்டில் யாரை நிறுத்தி "ஈப்பெட்டி சந்தனராஜ் கடை எங்கே?" என்று கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டத் தெரியாதவன் வெளியூர்க்காரனாக இருப்பான். அவ்வளவு பேர் எடுத்த மனிதர். மணமேல்குடி மீன் கம்பெனியில் தொடங்கி ஆவுடையார்கோவில் மிட்டாய்க் கடை வரைக்கும், சுவரில் ஒரு தகரப் பெட்டி மாட்டி அதற்குள் நீல விளக்கு எரிந்தால் அது சந்தனராஜ் கைவேலை. ஈ அந்த நீல வெளிச்சத்தைத் தேடி உள்ளே வரும். அடியில் விரித்திருக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும். மருந்து அடிக்க வேண்டாம். பலகாரத்தில் செத்த ஈ விழுமோ என்ற பயமும் வேண்டாம்.

படிப்பு? அஞ்சாம் வகுப்பு. பிறந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அந்த அஞ்சு வருடத்திலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பத்தொன்பது வயதில் குவைத்துக்குப் போனார். ஏ.சி. காற்றுப் போகிற தகரக் குழாய் செய்யும் வேலை. முதல் வருடம் சாமான் தூக்கினார். மூன்றாம் வருடம் தகரம் வெட்டினார். ஏழாம் வருடம், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்த இஞ்சினியரிடம், "அந்த வளைவுல முக்கால் இஞ்சு கூட வை சார், இல்லாட்டி மூடி சேராது" என்றார். இஞ்சினியர் டேப் வைத்து அளந்தார். முக்கால் இஞ்சு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தக் கதையைக் கேட்காத காது அறந்தாங்கியில் கிடையாது. கேட்ட காதுக்குத் திரும்ப ஒருமுறை சொல்ல அவர் சலித்துக்கொண்டதும் கிடையாது.

அங்கே ஒரு கேன்டீன் சுவரில் பார்த்த பெட்டியை மனசுக்குள்ளேயே கழற்றி, ஊருக்கு வந்து கையால் மாட்டினார். அதுதான் ஈப்பெட்டி. இன்றைக்கு வயது அறுபத்தாறு. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை, யாரையும் கேட்டுத் தொழில் கற்றதில்லை. செய்த வேலையில் ஒரு குறை என்று ஒருவன் வாசல்படி ஏறியதும் இல்லை. ஏறியவன் இருந்தாலும், இறங்கும்போது தன் மேல்தான் குறை என்று ஒப்புக்கொண்டு இறங்கியிருப்பான். அப்படிப் பேசி அனுப்புவார்.

அவர் பேச்சுக்கு ஈடுகொடுக்க ஒரே ஆள்தான் உண்டு, மனைவி வியாகுலமேரி. பசை அட்டை வெட்டுவதும், கடைக்கு வருகிற போனை எடுப்பதும் அந்த அம்மாள் பொறுப்பு. "இவரு வாயால சுடுற வடையில ஈ உக்காராம இருக்கத்தான் நான் இந்த அட்டைய வெட்டுறேன்" என்று வந்தவர்களிடம் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பலகாரக் கடையில் ஏணி இடித்து டியூப் உடைந்தது. கண்ணாடித் தூள் மிக்சர் தட்டில் விழுந்தது. இடித்தது ஏணி, அதைத் தூக்கியது கடைக்காரர் மச்சான். ஆனாலும் சந்தனராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறினார். டியூப் மேல் சட்டை மாதிரி மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய் தேடினார். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டார். "இது மொட்டை மாடி கூரைக்குப் போடுற சரக்குங்க. வெயில்ல பத்து வருசம் கெடந்தாலும் மஞ்சளாகாது" என்றார் அவர். பளிங்கு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து உறை போடாத டியூப் எதுவும் சந்தனராஜ் கடையைவிட்டு வெளியே போனதில்லை. பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் அவரே தேடிப் போய் மாட்டிவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் ஆவுடையார்கோவில் மிட்டாய்க் கடை சரவணக்குமார் ஒருநாள் போன் செய்தார்.

"அண்ணே, பெட்டி நல்லா எரியுது. ஆனா அட்டையில ஈயே இல்லண்ணே. போன மாசம் ரெண்டு, இந்த மாசம் மூணு."

"அப்புடின்னா என்ன அர்த்தம்?"

"என்னண்ணே அர்த்தம்?"

"கடை சுத்தமா இருக்குன்னு அர்த்தம்யா. சந்தனராஜ் பெட்டி மாட்டுன கடைன்னு தெரிஞ்சா, ஈ அங்கிட்டுத் திரும்பிப் பாக்குமா?"

"சரிண்ணே" என்றார் சரவணக்குமார். போனுக்குள் துண்டை வீசி எதையோ விரட்டுகிற சத்தம் கேட்டது.

இந்த மிட்டாய்க் கடையில்தான் பொற்கொடி அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு, நாலாவது வருடம். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் காலையிலேயே கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, ஈப்பெட்டி சந்தனராஜ்ங்கிறது..."

"அவருதான் ஒன் முன்னால நிக்கிறாரு. உக்காரு பாப்பா."

அவள் உட்காரவில்லை. பிரிக்காத அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு டியூபை எடுக்கச் சொன்னாள். அதன் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். வெளிச்சத்தின் அலைநீளம் முந்நூற்று அறுபத்தெட்டு என்று இருந்தது. புதையல் கண்டவள் மாதிரி சிரித்தாள்.

"இதேதான்யா வேணும். எங்க லேபுல இதுக்குன்னு வெளிநாட்டு மெஷின் ஒண்ணு இருந்துச்சு. போர்டு போயிருச்சு. சாமான் வர எட்டு மாசமாகும்ங்கிறாங்க. எனக்கு அவ்வளவு நாள் இல்ல. நீங்க ஒரு பெட்டி செஞ்சு தர முடியுமா?"

வெளிநாட்டு மெஷினுக்குப் பதில் சந்தனராஜ் பெட்டி! அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எதுக்குன்னு சொல்லு. எதுக்குன்னு தெரியாம நான் தகரத்துல கை வைக்கிறதில்ல."

"கடல்பக்கம் உப்புத்தண்ணி ஏறுன வயல்ல ஒரு நாட்டு நெல்லு மட்டும் சாகாம நிக்குதுங்கய்யா. ஏன் நிக்குதுன்னு பாக்குறேன்."

"உரம் நல்லாப் போட்டிருப்பான்."

"எங்கப்பாவும் இதத்தான் சொல்றாரு" என்று சிரித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "செடிக்குள்ள ஒவ்வொரு செல்லுலயும் ஆர்.என்.ஏ.ன்னு நூல் நூலா இருக்கும்யா. எந்தப் புரதத்தைச் செய்யணும்ங்கிற உத்தரவு அதுல எழுத்தெழுத்தாக் கோத்திருக்கும். உப்பு ஏறுனதும் சில புரதங்க ஓடிவந்து அந்த நூலைப் பிடிச்சுக்கும். பிடிச்ச பிடியப் பொறுத்து உத்தரவு நடக்கும், இல்லாட்டி நிக்கும். யாரு எந்த நூலைப் பிடிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"பாக்கணும்னா வேரை நசுக்கணும், சோப்பு ஊத்திக் கழுவணும். கழுவுனா, பிடிச்சவன் கையை விட்டுருவான். யாரு பிடிச்சிருந்தான், யாரு சும்மா பக்கத்துல போனான்னு தெரியாது."

சந்தனராஜ் தாடையைச் சொறிந்தார். "அப்ப கழுவுறதுக்கு முன்னாடியே வெல்டிங் வச்சிரணும்."

பொற்கொடி அவரையே பார்த்தாள். "அதேதான்யா! அந்த நூல்ல ஒரு எழுத்தை மட்டும் மாத்தி செஞ்சு விக்கிறாங்க. ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல கந்தகம் இருக்கும். தண்ணியில கரைச்சு வச்சா நாத்து வேர்வழியாக் குடிச்சு, தன்னோட சொந்த எழுத்துன்னு நெனச்சு நூல்ல கோத்துக்கும். இருட்டுல அது சும்மா கெடக்கும். முந்நூத்தி அறுபத்தஞ்சுக்குப் பக்கத்துல இருக்குற வெளிச்சம், இந்த டியூப்பு வெளிச்சம் மாதிரி, பட்டாத்தான் முழிக்கும். முழிச்ச நேரத்துல அதைத் தொட்டுக்கிட்டு எந்தப் புரதம் நிக்கிதோ, அதோட அப்புடியே ஒட்டிக்கும். தள்ளி நிக்கிறதோட ஒட்டாது."

"ஸ்பாட் வெல்டிங்" என்றார் சந்தனராஜ். "ரெண்டு தகடும் தொட்டாத்தான் பிடிக்கும். இதைச் சொல்றதுக்கா ஒனக்கு நாலு வருசம்? மேரி! இங்க வந்து கேளு. நெல்லு வேருக்குள்ள வெல்டிங் வைக்கப் போறோம்."

"வைங்க வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மொதல்ல நம்ம வீட்டுக் கேட்டுக்கு ஒரு வெல்டிங் வச்சிட்டுப் போங்க. ஆறு மாசமா ஆடுது."

வெளிநாட்டு மெஷினில் எத்தனை டியூப் என்று கேட்டார். அஞ்சு என்றாள். "நான் ஆறு வைக்கிறேன்" என்றார். பத்து நாளில் பெட்டி தயார். உள்பக்கம் முகம் பார்க்கலாம், அப்படித் தேய்த்த அலுமினியம். நாற்றுத் தட்டு வைக்க இழுப்பறை. கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைகிற பொத்தான், ஏனென்றால் அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று பொற்கொடி சொல்லியிருந்தாள். ஆறு டியூபுக்கும் ஆறு உறை. அவரே வண்டி பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

"இந்த உறை எதுக்குங்கய்யா?" என்று கேட்டாள்.

"டியூப்பு வெடிச்சா ஒன் நாத்துல கண்ணாடி விழக் கூடாதுல்ல. வெளிநாட்டுக்காரன் இதெல்லாம் யோசிச்சிருக்க மாட்டான். உசத்திச் சரக்கு. வெயில்ல பத்து வருசம் கெடந்தாலும் மஞ்சளாகாது."

"ரொம்ப நல்லதுங்கய்யா" என்றாள் அவள்.

அதோடு முடிந்திருந்தால் அவருக்கு ஆயுசுக்கும் பேச ஒரு கதை கிடைத்திருக்கும். அறந்தாங்கி முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தார். டீக்கடையில், மாதா கோயில் பங்குக் கூட்டத்தில், மீன் கம்பெனி மேனேஜரிடம். "ஆராய்ச்சிக்கூடத்துக்கே நம்ம பெட்டிதான் போகுது" என்று.

மூன்று வாரம் கழித்து பொற்கொடி போன் செய்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. வேரை நசுக்கி, கழுவி, கடைசியில் ஒரு தாளில் பதியவைத்துப் பார்த்தால், ஒட்டிய புரதம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு வரி விழ வேண்டுமாம். தாள் வெள்ளையாக இருந்தது.

"வெளிச்சம் சரியா இருக்குமாங்கய்யா?" என்று தயங்கித்தான் கேட்டாள்.

"வெளிச்சமா? பாப்பா, அது சந்தனராஜ் வெளிச்சம். இருவத்தஞ்சு வருசமா எரியுது. அதுல குறைன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. நீ ஒன் கந்தக மருந்தைப் பாரு. கை நடுக்கம் கிடுக்கம் இருக்கான்னு பாரு."

இன்னும் மூன்று வாரம். மறுபடியும் வெள்ளைத் தாள். இந்தத் தடவை அவள் வெளிச்சத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நாத்து மருந்தைக் குடிக்கலையோ, நான்தான் கழுவுறப்ப விட்டுட்டனோ தெரியலங்கய்யா" என்றாள். அவர் பெரிய மனசோடு, "பழகப் பழகத்தான் கை வரும்" என்று ஆறுதல் சொன்னார்.

கடைசிப் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பூசை முடிந்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பெட்டியைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா? கைடு மேடம் இந்தப் பகுதியையே விட்டுரச் சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதும் சரிதான். மருந்து இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சமிருக்கு. நாத்து நேத்திலேருந்து மருந்துல நிக்கிது, ஆனா இன்னொரு தடவை செஞ்சு இன்னொரு வெள்ளைத் தாளைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லங்கய்யா. இன்னைக்கே எடுத்துக் கொட்டிரலாம்னு இருக்கேன். நாலு வருசம் போனது போகட்டும். என் கைதான் சரியில்ல."

"சரி பாப்பா, வாரேன்" என்றார்.

கடைக்கு வந்தார். மீன் கம்பெனிக்குப் புது டியூப் இரண்டு சோதித்து வைக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று ஷட்டரை உள்பக்கமாக முழுசாக இறக்கிவிட்டு, இருட்டில் ஒரு டியூபை உறை மாட்டாமல் எரியவிட்டார்.

அவர் சட்டை எரிந்தது. நெருப்பு இல்லை, வெளிச்சம். வேட்டி, சட்டை, கைக்குட்டை எல்லாம் நிலாவைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி பளீரென்று நின்றது. குவைத்தில் ஒரு ஓட்டல் வாசலில் அப்படிப் பார்த்திருக்கிறார். சோப்புத்தூள் போட்டு வெளுத்த துணி இந்த விளக்கில் மினுங்கும். ஆனால் தன் கடையில் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க வாய்ப்பும் இல்லை. வேலை நாளில் அவர் போடுவது காக்கிச் சட்டை. கடையும் ரோட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கும்.

சிரித்துக்கொண்டே டியூபை அணைத்து, பழக்கதோஷத்தில் உறையை மாட்டி, மறுபடி எரியவிட்டார். டியூப் எரிந்தது. நீலம் அப்படியே இருந்தது. சட்டை மட்டும் அணைந்துபோனது.

கழற்றினார். சட்டை எரிந்தது. மாட்டினார். அணைந்தது. நாலு தடவை.

வெயிலில் பத்து வருடம் கிடந்தாலும் மஞ்சளாகாது. ஏன் ஆகாது? பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குகிற வெயில் எதுவோ, அதை அந்தச் சரக்கு உள்ளே விடுவதே இல்லை. நீலத்தோடு சேர்ந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. சட்டையை எரியவைக்கிற வெளிச்சமும் அதுதான், ஈயை இழுக்கிற வெளிச்சமும் அதுதான், கந்தக எழுத்தை எழுப்புகிற வெளிச்சமும் அதுதான். உசத்திச் சரக்கு என்று தேடிப் பிடித்து, ஆறு டியூபுக்கும் ஆறு கதவைப் போட்டு அடைத்துவைத்திருக்கிறார். பொற்கொடிக்கு மட்டுமா? இரண்டு வருடமாக நாற்பது கடைக்கு!

வியாகுலமேரி பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் உறையைக் கழற்றி மாட்டிக் காட்டினார். அந்த அம்மாளுக்கு இரண்டாவது தடவையே புரிந்துவிட்டது. "அப்ப சரவணக்குமார் கடையில ஈ இல்லாதது..."

"ஈ இருந்துச்சு. என் பெட்டிக்குத்தான் வரல."

வியாகுலமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அந்தப் புள்ள தன் கை சரியில்லன்னுல சொல்லிக்கிட்டு இருக்கு."

"டியூப்பு சோக்குல கோளாறுன்னு சொல்லி உறையையும் சேத்துக் கழட்டிட்டு வந்துர்றேன். அது வேலையும் நடந்துரும்."

"ஒங்க மானமும் நின்னுரும். நல்ல யோசனைதான்." அட்டையை எடுத்து வெட்ட உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயே 'என்னளவுக்குப் பாவம் செஞ்சவன் இந்தப் பங்குலயே இல்ல'ன்னு பெருமையடிக்கிற மனுசன், ஒங்ககிட்டப் போய் நான் என்னத்தச் சொல்றது?"

பொற்கொடிக்குப் போன் போட்டு, நாற்றைக் கொட்டாதே, பெட்டியில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக ஒத்திகை பார்த்தார். 'சோக்கு லூசு பாப்பா. கரண்டு ஏத்த இறக்கம். கம்பெனிச் சரக்கு, நாம என்ன செய்ய?' மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான், உதடு அசைவதை நிறுத்தினார்.

லேபில் பொற்கொடி மட்டும் இருந்தாள். இருட்டறையில் கறுப்புத் துணி போர்த்தி நாற்றுத் தட்டு இருந்தது. அவள் கண் வீங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு சோக்கைத் திருகிவிட்டு மறுபடி திருகினார். அப்புறம் ஒவ்வொரு உறையாக உருவ ஆரம்பித்தார்.

பொற்கொடி பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து பேனாவை எடுத்தாள். "என்ன மாத்துறீங்க ஐயா? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"எழுதணுமா? எதுக்கு?"

"எல்லாத்தையும் எழுதணும்யா. தண்ணி மாத்துனா எழுதணும், தட்டு மாத்துனா எழுதணும். எனக்கப்புறம் எங்கேயோ ஒருத்தர் இதைப் படிச்சுட்டு இதே மாதிரி பெட்டி செய்வாங்க. நான் விட்டா அவங்களும் இதே மாதிரி முட்டிக்குவாங்க."

"சோக்கு..." என்றார்.

"சோக்குக் கோளாறு" என்று அவள் எழுத ஆரம்பித்தாள். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் அவருக்குத் தகரம் வெட்டுகிற மாதிரி கேட்டது. எங்கேயோ ஒருத்தர். அவரும் கண்ணாடி விழக் கூடாதே என்று நல்ல மனசோடு நல்ல உறையாகத் தேடி வாங்கி மாட்டுவார். நாற்றில் ஒன்றும் ஒட்டாது. சோக்கை மாற்றிக்கொண்டே இருப்பார். கடைசியில் தன் கை சரியில்லை என்று கண் வீங்க உட்கார்ந்திருப்பார்.

அளவைத் தப்பாகச் சொல்லி ஒரு தகரத்தை இதுவரை அவர் வெட்டவிட்டதில்லை.

"அதை அடி பாப்பா."

"என்னங்கய்யா?"

"அடிச்சிட்டு எழுது. சோக்குல ஒண்ணும் கோளாறு இல்ல. உறைதான். உறை போட்டவன் சந்தனராஜ். ஒன் வெளிச்சத்தை ரெண்டு மாசமா நான்தான் மறிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். ஒன் கை தங்கமான கை. நீ கேட்டப்ப, வெளிச்சத்துல குறை இல்லன்னு சொன்னேன் பாரு, அதையும் எழுது."

ஷட்டர் இல்லாத அந்த அறையில் கதவைச் சாத்தி, பெட்டிக் கதவின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டையைக் காட்டிச் செய்துகாட்டினார். உறை போட்ட டியூப், போடாத டியூப். பொற்கொடியின் வெள்ளைக் கோட்டும் சேர்ந்து எரிந்து அணைந்தது. அவள் நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள்.

"எந்தெந்த பிளாஸ்டிக் இந்த வெளிச்சத்தைத் தடுக்கும்னு நான் பரீட்சையிலயே எழுதியிருக்கேன்யா! ஒரு மீட்டரைக் கடன் வாங்கி அளந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். டியூப்புல இருந்த நம்பரைப் பாத்துட்டு அப்புடியே நம்பிட்டேன்."

"நம்பரை நீ நம்புன. ஆளை நீ கேட்ட. ஆளு தப்பாச் சொல்லிட்டான்."

அதற்கு மேல் பேச நேரமில்லை. அவள் ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தாள். நாற்றுகளை மூன்று பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கு மருந்தே குடிக்காதது, வெளிச்சம் காட்டுவது. ஒரு பங்கு மருந்து குடித்தது, வெளிச்சம் காட்டாதது. மூன்றாவதற்கு இரண்டும் உண்டு. வெள்ளை வேர்கள் ஐஸ் மேல் நூல் மாதிரிக் கிடந்தன. இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கதவை அடைத்ததும் ஆறு டியூபும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. பதினைந்து நிமிடம். சந்தனராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் வாழ்நாளில் தான் செய்த பெட்டி எரியும்போது பேசாமல் நின்றது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

அவ்வளவுதான் அவர் பங்கு. நசுக்குவது, கழுவுவது, பதியவைப்பது எல்லாம் அவள் வேலை. நாலு நாளாகும் என்றாள்.

அந்த நாலு நாளும் சந்தனராஜ் சும்மா இருக்கவில்லை. நாற்பது கடைக்கும் வண்டியில் போய் உறையை உருவினார். இந்த வெளிச்சத்தை விடுகிற வேறு சாதி உறை ஒன்று இருப்பதாகப் பொற்கொடி பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு ஆர்டர் போட்டுவிட்டு, அதுவரைக்கும் பெட்டியைப் பலகாரத் தட்டுக்குத் தள்ளி மாட்டினார். முதல் கடையில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. "தப்பு என்னுதுதான்" என்பது அவர் வாயில் புழங்காத சொல். இரண்டாவது கடையில் கொஞ்சம் எழுந்தது. பத்தாவது கடையில் அதற்கு ஒரு ராகமே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், ஆவுடையார்கோவிலில் சரவணக்குமார் கடையில் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போது போன் அடித்தது.

"ஐயா! விழுந்துருச்சுய்யா!"

"எது விழுந்துச்சு? டியூப்பா?"

"வரி விழுந்துருச்சுங்கய்யா! கறுப்பா, கொழுகொழுன்னு! மருந்து இல்லாததுல இல்ல. வெளிச்சம் காட்டாததுல இல்ல. ரெண்டும் இருக்குறதுல மட்டும் இருக்கு. நான் தேடுன புரதமேதான், நூலைப் பிடிச்சிருக்கு. மேடம் பாத்துட்டாங்க. விட வேணாம், இதை வச்சே எழுதுன்னுட்டாங்க!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ கைதட்டுகிற சத்தம் கேட்டது.

சந்தனராஜ் ஸ்டூலிலிருந்து இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"என்னண்ணே, நல்ல சேதியா?" என்றார் சரவணக்குமார்.

"நல்ல சேதி. நெல்லு வேருக்குள்ள வெல்டிங் பிடிச்சிருச்சு."

"அட! ஒங்க பெட்டியாலயா?"

"என் பெட்டியால. ஆனா கேளுய்யா, அது பெரிசில்ல." உருவிய உறையைக் கையில் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு வருசம், நாப்பது கடை, ஒரு ஆராய்ச்சிக்கூடம். இவ்வளவு பெரிய தப்பை இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துலயே எவனாவது செஞ்சிருப்பானா? செஞ்சாலும், அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு, ஒரு சட்டையை வச்சே அதைக் கண்டுபிடிச்சிருப்பானா? ஆராய்ச்சி நோட்டுல பேரு போட்டு எழுதியிருக்கு. 'உறை போட்டவர் சந்தனராஜ்.' போய்ப் பாத்துக்க."

சரவணக்குமார் ஒரு கிலோ லட்டைக் கட்டிக்கொடுத்து, "அந்தப் புள்ள வீட்டுலயும் சொல்லிட்டுப் போங்கண்ணே, பக்கத்துலதான்" என்றார். சந்தனராஜ் பொட்டலத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு, பொற்கொடியின் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். அந்த மனிதருக்கு ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, உரம் இல்லை என்பதையும் சேர்த்து.